பதினேழாம் எண் வீட்டு அளவுகள்

டிசம்பர் 8, திங்கள்

ஆறு வருடத்தில் இது எனக்குப் பத்தாவது தெரு. அயனாவரம், வேதாசலம் தெரு. நாற்பத்தொரு வீடு, இரண்டு மளிகைக் கடை, ஒரு மாவு மில், கணக்கில்லாத நாய்கள்.

இந்தத் தெருவுக்குப் பதினாறு மீட்டர் கீழே மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டு ஒரு இயந்திரம் வரப்போகிறது. அது வரும்போது மேலே இருக்கிற வீடுகள் அசைகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற விரிசல்களின் மேல் கேஜ் ஒட்ட வேண்டும். கேஜ் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. கண்ணாடி மாதிரி இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டம், இன்னொன்றில் சிவப்புக் கோடு. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒட்டும்போது கோடு பூஜ்யத்தில் இருக்கும். சுவர் நகர்ந்தால் கோடும் நகரும். நான் போய்ப் படித்து எழுதிக்கொண்டு வருவேன். இதற்கு டிப்ளமோ படித்த மாரீஸ்வரி எதற்கு என்று விருதுநகரில் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று பதினொரு வீடு. ஏழு காபி, மூன்று டீ, ஒரு ரோஸ் மில்க். வேண்டாம் என்றால் யாருக்கும் காது கேட்பதில்லை.

பதினேழாம் எண், கோதண்டம் பாத்திர வாடகை நிலையம். கல்யாணத்துக்கு அண்டா, குண்டான் வாடகைக்கு விடுகிறார்கள். கீழே கடை, மாடியில் முன்பக்கம் வீடு, பின்பக்கம் கிடங்கு. அப்பா கோதண்டம், மகன் எத்திராஜ், அவ்வளவுதான் ஆட்கள். மகனுக்கு முப்பத்தைந்து இருக்கும். நான் நான்கு கேஜ் ஒட்டி முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல பழக்கம்.

டிசம்பர் 15, திங்கள்

இயந்திரம் இருநூற்றுப் பதினைந்து மீட்டரில் இருக்கிறது. நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும்வரை வாரம் ஒரு முறை படித்தால் போதும். நூறுக்குள் வந்தால் தினம் ஒரு முறை. ஐம்பதுக்குள் தினம் இரண்டு. காலடிக்கு வரும்போது மணிக்கு ஒன்று. போன பிறகு அதே படியில் இறக்கம். கடைசியில் வாரம் ஒன்றாக மூன்று அளவு மாறாமல் இருந்தால் கேஜைப் பிய்த்துக்கொண்டு அடுத்த தெரு. எனக்குப் பிடித்ததே இந்த ஒழுங்குதான். ஒன்பது தெருவிலிருந்து இப்படித்தான் கிளம்பியிருக்கிறேன். ஒருவர் முகமும் நினைவில் இல்லை.

பதினைந்தாம் எண் பூங்காவனம்மா கேஜுக்குக் குங்குமம் வைத்திருந்தார். சரியாகக் கட்டத்தின் மேல். துடைத்தேன். "சாமி மாரி உத்து உத்துப் பாக்கறியே, சும்மா வுட முடியுமா?" என்றார். அவருக்கு இயந்திரத்தின் பெயர் பெருச்சாளி.

டிசம்பர் 18, வியாழன்

17-ஐ மறுபடி பார்த்தேன். வாரம் ஒரு முறைதான் விதி. ஆனால் அங்கே மாடியில் பாரம் அதிகம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே பாத்திரம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறது. மச்சுவரை அடுக்கியிருக்கிறார்கள். பொறுப்பாக இருப்பது நல்லது.

"மொத்தம் எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டேன்.

எத்திராஜ் யோசித்தார். "தெரியாது மேடம்."

கடையே அவருடையது, பாரம் தெரியாதாம்.

டிசம்பர் 20, சனி

எத்திராஜ் ஒரு பட்டியல் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பாத்திரம். ஒவ்வொன்றுக்கும் பெயர், எடை, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பது வரை. இரண்டு நாளாகத் தராசில் வைத்து நிறுத்தாராம். மொத்தம் மூவாயிரத்து நூற்று நாற்பது கிலோ. ஜல்லிக்கரண்டிகளைக்கூட விடவில்லை. கையெழுத்து அச்சு மாதிரி.

நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருடத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்ததில்லை. அலுவலகத்தில் சேர்க்க வேண்டிய தாள். திங்கட்கிழமை சேர்த்துவிடுவேன்.

டிசம்பர் 22, திங்கள்

அந்தத் தாளை இன்னும் சேர்க்கவில்லை. இந்த நாட்குறிப்பிலேயே இருக்கிறது. இங்கே இருந்தால் கசங்காது.

டிசம்பர் 27, சனி

அம்மா போன். ஒரு மணி நேரம். "ஏ மாரி, குரலு என்ன ஒரு மாதிரி சந்தோசமா இருக்கு?" என்றாள். பனி என்றேன்.

டிசம்பர் 31, புதன்

இயந்திரம் தொண்ணூற்றெட்டு மீட்டர். இனி தினமும்.

ஜனவரி 3, சனி

17-ல் அளவுகள் 0.8, 0.2, 0.5, 0.3. நிலத்தடி நீர் இறங்குவதால் வருகிற சின்ன அசைவு, கவலை இல்லை. எத்திராஜ் இப்போது அளவைத் தானே முதலில் படித்துவிட்டு, நான் படித்துச் சொல்லும் வரை காத்திருக்கிறார். நான் "பூஜ்யம் புள்ளி எட்டு" என்றால் மெல்லத் தலையாட்டுகிறார், பரீட்சையில் தேறிய பையன் போல. இன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம். கோதண்டம் ஐயா கீழேயிருந்து, "இன்னாடா அங்க சிரிப்பு?" என்றார். சுவரைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? எங்களுக்கே விளங்கவில்லை.

எத்திராஜ் பி.காம். மாநிலக் கல்லூரி. பாத்திரத்தை எண்ணி வாங்கும்போது மட்டும் கறாராகப் பேசுவாராம், மற்ற நேரம் பேச்சு வராதாம். இதையும் நானாகக் கேட்கவில்லை, பூங்காவனம்மா சொன்னார். அவர் மற்ற குடும்ப விவரங்களையும் சொன்ன பிறகுதான் நானாக ஒன்றிரண்டு கேட்டேன்.

ஜனவரி 7, புதன்

நாற்பத்தெட்டு மீட்டர். இன்றிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. விதி சொல்கிறது. நான் என்ன செய்வது?

காலையில் பூங்காவனம்மா வாசலில் மடக்கினார். "இன்னா கண்ணு, உன் பெருச்சாளி எதுவரிக்கும் வந்துகிது?"

"உங்க வீட்டுக்கு இன்னும் அம்பது மீட்டர்மா."

"வர்றதுக்கு முன்னாடி சொல்லு. குளிச்சிட்டு ரெடியா இருக்கேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "புதுப் பொடவையா?"

சுரிதார்தான். புதுசுதான். தள்ளுபடியில் கிடைத்தது.

ஜனவரி 9, வெள்ளி

மேனேஜர் இன்பராஜ் சார் வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், எப்போதும் ஒரு கையில் போன், இன்னொரு கையில் அல்சர் மாத்திரை. இந்தத் தெரு முடிந்ததும் எனக்குப் புனேயில் வேலை என்றார். பதவி உயர்வு, எனக்குக் கீழே நான்கு பேர். இதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

"என்னம்மா, மூஞ்சியில ஒரு சந்தோசத்தையும் காணும்?" என்றார்.

"இருக்கு சார். உள்ள இருக்கு," என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

மாலை நான்கு மணி அளவு: 1.2, 0.4, 0.9, 0.6. எத்திராஜ் ஊரில் இல்லை. செங்குன்றத்தில் ஏதோ கோயில் அன்னதானத்துக்கு வண்டியில் பாத்திரம் கொண்டு போயிருக்கிறார். காலையில்தான் வருவார். ஏணியை நானே பிடித்துக்கொண்டு நானே ஏறினேன். ரொம்ப ஆடுகிற ஏணி. இத்தனை நாள் தெரியவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு 17-க்குள் நுழைந்தேன். சுண்ணாம்பு வாசனை. சுவரெல்லாம் வெள்ளை வெளேர். மாடிப்படியில் கோதண்டம் ஐயா பனியன் முழுக்கச் சுண்ணாம்போடு உட்கார்ந்திருந்தார், பரிசு வாங்கிய முகத்தோடு. பொங்கலுக்கு வெள்ளையடித்திருக்கிறார்.

என் கேஜ்கள் நான்கும் சுவரில் இருந்தன. துடைத்துப் பளபளவென்று. நான்கிலும் சிவப்புக் கோடு பூஜ்யத்தில்.

"ஐயா, இதக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்பிடிமா சுண்ணாம்பு அடிக்கிறது? நேத்து நீ போனதும் கத்திய வுட்டுப் பதமா எடுத்தேன். விரிசல்ல பட்டி வச்சி அடைச்சேன். அடிச்சி முடிச்சிட்டு அதே எடத்துல ஒட்டிட்டேன். நீ மொதமொத ஒட்டுறப்போ ஜீரோல தான வச்சே? அதே மாரி நாலும் ஜீரோ. ஒரு நூல் தப்பு கெடயாது, பாத்துக்க."

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு குண்டானின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் இயந்திரம். தெருவிலேயே பாரம் அதிகமான வீடு. அந்த வீட்டின் ஐந்து வாரக் கணக்கை ஒரு மனிதர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறார். முதலில் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் இருமல் வந்தது. அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார், அண்டாவிலிருந்து, சாம்பார் வாளியில்.

இன்பராஜ் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், பதினேழுல நாலு கேஜும் போச்சு."

"போச்சுன்னா? விழுந்துட்டா?"

"இருக்கு சார். எல்லாம் ஜீரோ காட்டுது. வெள்ளையடிச்சிருக்காங்க."

மாத்திரை அட்டை கிழிகிற சத்தம் கேட்டது. "மாரி, பசை புதுசு. சுவரு நகந்துதா, பசை நகந்துதான்னே தெரியாது. புதுசா ஒட்டிக் காய ஒரு நாள் ஆகும். ஆனா கீழ முழுக்க மணலு. மிஷின ரொம்ப நேரம் நிறுத்துனா மண்ணு கவ்விரும், அப்புறம் அத நகத்துறது பெரும்பாடு. அந்த வீட்ட பாத்தவ நீதான். நீ சொல்லு. நிறுத்தவா, விடவா?"

ஐந்து நிமிடம் கேட்டேன்.

இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி உண்மையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாட்குறிப்பு எதற்கு? நிறுத்தினால் இன்றும் நாளையும் முழுக்க நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அது தோன்றியதும் மனசு ஒரு துள்ளு துள்ளியது. துள்ளியதும் பயந்துவிட்டேன். நிறுத்து என்று சொல்வது வேலைக்காகவா, எனக்காகவா? நான் எந்த அளவையும் சந்தேகமில்லாமல் படிப்பவள். முதல் தடவையாக என் வார்த்தையையே எனக்கு நம்ப முடியவில்லை. தொண்ணூறு பேர் வேலை செய்கிற ஒரு இயந்திரத்தை, ஒரு மனிதர் செங்குன்றத்திலிருந்து திரும்பி வருகிறார் என்பதற்காக நிறுத்திவிட்டால்?

இது பூங்காவனம்மா வீடாக இருந்தால் என்ன செய்வேன் என்று என்னையே கேட்டேன். நிறுத்தியிருப்பேன். யோசித்திருக்கவே மாட்டேன்.

"நிறுத்துங்க சார். இருபத்து நாலு மணி நேரம்."

"சரிம்மா. உன் பேச்ச நம்பித்தான் நிறுத்துதேன்."

ஒன்பது மணிக்கு எத்திராஜ் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோதண்டம் ஐயா அதற்குள் மூலையில் ஒடுங்கிப் போயிருந்தார். மகன் அப்பாவைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்தார், "நல்லாத்தான் அடிச்சிருக்க நைனா," என்றார். பிறகு என்னிடம், "நாம என்ன செய்யணும்?"

நாம என்றார்.

மாடியில் இருக்கிற பாரம் எல்லாம் நாளை மதியத்துக்குள் இறங்க வேண்டும் என்றேன். பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

ஜனவரி 14, புதன், போகி

மூவாயிரத்து நூற்று நாற்பது கிலோவும் தெருவுக்கு வந்துவிட்டது.

நான்கு ஆள் கூப்பிடலாம் என்று எத்திராஜ் சொல்லிக்கொண்டிருந்தபோதே பூங்காவனம்மா தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தார். பத்து நிமிடத்தில் தெருவே வரிசையில் நின்றது. படியில் ஏழு பேர், கடையில் ஐந்து பேர், வாசலிலிருந்து மாவு மில் வரை மீதி. பாத்திரம் கைமாறிக் கைமாறி வந்தது. நான் நடுவில் நின்று பட்டியலில் டிக் அடித்தேன். பெரிய அண்டா ஒன்று கை நழுவித் தெருவில் உருண்டது. அதைத் துரத்திக்கொண்டு ஐந்து பேர் ஓட, அவர்களைத் துரத்திக்கொண்டு நாய்கள் ஓட, ஒரு ஆட்டோக்காரர் இறங்கிக் காலால் நிறுத்தினார்.

போகி என்பதால் இவ்வளவும் கழித்துப் போடுகிறார்கள் என்று நினைத்து ஒரு பழைய சாமான்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "மொத்தமா இன்னா வெலை?" என்று கேட்டார். கோதண்டம் ஐயாவுக்கு நேற்றிலிருந்து போயிருந்த குரல் அப்போதுதான் திரும்பி வந்தது. அந்தக் குரலில் வந்ததை எழுத முடியாது.

இதற்கிடையில் மணிக்கொரு தரம் நான் மேலே போய்ப் புதுக் கேஜ்களைப் படித்தேன். நேற்று புதிதாக ஒட்டியது, பழைய விரிசலின் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு. எத்திராஜ் டார்ச் பிடித்தார். பத்து மணி, பூஜ்யம். பதினொன்று, பூஜ்யம். பன்னிரண்டு, பூஜ்யம். சுவர் அசையவில்லை, பசை காய்ந்துவிட்டது, என் பேச்சு பொய்யாகவில்லை. சாரிடம் சொன்னேன். பன்னிரண்டரைக்கு இயந்திரம் மறுபடி கிளம்பியது. மண் கவ்வவில்லை.

"உங்களுக்குக் கோபம் வரும்னு நெனச்சேன்," என்றார் எத்திராஜ்.

"வந்துச்சு. அப்புறம் போயிருச்சு."

"எப்ப போச்சு?"

மணி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நேற்று காலை ஒன்பது. அடுத்த கேஜுக்கு டார்ச்சைத் திருப்பச் சொன்னேன்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பாத்திரமெல்லாம் தெருவில் இருக்கும்போது ஆளுக்கொரு சின்னப் பானையில் எதற்குப் பொங்க வேண்டும் என்று பூங்காவனம்மா கேட்டாராம். ஆகவே 17-ம் எண் வாசலில் முழங்கால் உயரத்துக்கு அடுப்புமேடை கட்டாத குறையாகச் செங்கல் அடுக்கி, கடையிலேயே பெரிய அண்டாவை ஏற்றிவிட்டார்கள். நாற்பத்தொரு வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில். மஞ்சள் கொத்து கட்ட நாலு பேர் கை கோத்துச் சுற்ற வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு இயந்திரம் வீட்டின் முன் விளிம்புக்குக் கீழே வந்தது. சத்தம் கேட்கும் என்று தெருவே காத்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பூங்காவனம்மா ஏமாந்துபோனார். குளித்துத் தயாராக இருந்தாராம்.

பத்து நாற்பதுக்கு அண்டாவில் இன்னும் கொதி வராத பாலின் மேல் மெல்லிய வட்டங்கள் வந்தன. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு தெருவில் அடுக்கியிருந்த நானூற்றுச் சொச்சம் பாத்திரமும் முனகத் தொடங்கியது. பித்தளை ஒரு சுருதி, எவர்சில்வர் ஒரு சுருதி, அலுமினியம் ஒரு சுருதி. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திக் கேட்டது.

நான் மாடிக்கு ஓடினேன். எத்திராஜ் எனக்கு முன்னால் ஓடினார். முதல் கேஜ் 0.1. இரண்டாவது 0.0. மூன்றாவது 0.2. நான்காவதற்கு ஏணியில் ஏற வேண்டும். ஏறினேன். சுவரில் கை வைத்தால் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது, பூனை உறுமுகிற மாதிரி. ஏணி துளிகூட ஆடவில்லை, அவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருந்தார்.

"இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"நம்ம காலுக்குக் கீழ."

0.3. தாண்டக்கூடாத எல்லை மூன்று மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு. கையில் இருந்த நோட்டில் எழுதிவிட்டு, பென்சிலை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தேன், அவரும் சிரித்தார். கீழே தெருவே பொங்கலோ பொங்கல் என்று கத்தியது. எனக்கு இறங்கவே மனமில்லை. ஏணியின் மேல் ஒரு பெண் எவ்வளவு நேரம்தான் அளவு பார்ப்பாள்? ஆறு நிமிடம் பார்த்தேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

ஜனவரி 16, வெள்ளி

இயந்திரம் வீட்டைக் கடந்துவிட்டது. அதிகபட்சம் 0.5. இனி எல்லாம் இறக்கம்.

ஜனவரி 24, சனி

தினம் ஒன்றாகிவிட்டது. தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டதால் எத்திராஜ் பாதி நேரம் வண்டியோடு வெளியே போய்விடுகிறார். இன்று ஏணியைக் கோதண்டம் ஐயா பிடித்தார். "எம்புள்ள மாரி புடிக்க வருமா எனக்கு?" என்றார். ஏணி ஆடியது.

ஜனவரி 30, வெள்ளி

இன்று அவர் இருந்தார். 0.5. இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். அவ்வளவுதான் பேச்சு.

பிப்ரவரி 6, வெள்ளி

வாரம் ஒன்று. முதல் அளவு: 0.5.

பிப்ரவரி 13, வெள்ளி

இரண்டாவது அளவு: 0.5. முதலில் 0.6 என்று எழுதினேன். 0.6 என்றால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், இன்னும் மூன்று வாரம் கிடைக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். 0.5 தான். 0.5 என்று திருத்தினேன். திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். ஆறு வருடத்தில் இப்படி ஒரு திருத்தம் என் நோட்டில் கிடையாது.

கோதண்டம் ஐயா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, விரிசல் பத்தலன்னா சொல்லு. சுத்தி இருக்கு," என்றார். விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். சுத்தியல் உண்மையாகவே கையில் இருந்தது.

இன்பராஜ் சார் போன். புனேக்குச் சம்மதமா என்று அடுத்த வெள்ளி மதியத்துக்குள் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்லிவிடலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று காத்திருக்கிறேன். பாத்திரக் கணக்கு தவிர மற்றதற்கு வாய் திறக்காத ஒரு மனிதரை நம்பிக் காத்திருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு அளவுதான் பாக்கி.

பிப்ரவரி 20, வெள்ளி

0.5. மூன்றாவது அளவு.

நான்கு கேஜையும் எடுத்தேன். பசையைச் சுரண்டினேன், பட்டி வைத்து அடைத்தேன், கோதண்டம் ஐயா மீதி சுண்ணாம்பைக் கொண்டுவந்து ஒரு பூச்சுப் பூசினார். அதற்கு மேல் அந்தச் சுவரில் எனக்கு வேலை இல்லை.

கடைசியாக ஒரு படிவம் உண்டு. அளவுக் கருவிகள் அகற்றப்பட்டன, கட்டடத்துக்குச் சேதம் இல்லை, எந்தக் குறையும் இல்லை என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது வீட்டில் வாங்கிவிட்டேன். கோதண்டம் ஐயா கண்ணாடி இல்லை என்று சொல்லி மகனிடம் தள்ளிவிட்டார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

எத்திராஜ் படிவத்தைக் கடை மேஜையில் வைத்து முழுவதும் படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்ப போடுங்க."

"போட்டா நீங்க வரமாட்டீங்க."

கோதண்டம் ஐயா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே ஏதோ ஒரு பாத்திரத்தைப் பலமாகத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"நான் சுத்திச் சுத்திப் பேசத் தெரியாதவன்," என்றார் எத்திராஜ். என்னைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்துத்தான் பேசினார். "டிசம்பர்லேருந்து நீங்க வர்ற நேரம் தெரியும். வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ஏணிய எடுத்து வச்சிடுவேன். நாளையிலேருந்து அந்தப் பத்து நிமிஷத்த என்ன செய்யறதுன்னு தெரியல. இதுல கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்ல. போடலன்னா உங்களுக்கு வேல முடியாது. அதுவும் தெரியும்."

படபடப்பில் என் பையிலிருந்து கேஜ்கள் விழுந்தன. பொறுக்கிக்கொண்டே கீழே குனிந்தபடி சொன்னேன். நிமிர்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எத்திராஜ், கையெழுத்துப் போடுங்க. சுவருக்காக நான் வந்தது போதும்."

அவர் பெயரை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் பேனாவை மறுபடி திறந்தார். பிறகு போட்டார். அச்சு மாதிரி எழுதுகிற மனிதரின் கையெழுத்து மூலைக்கு மூலை கோணிப்போயிருந்தது. வேறு படிவம் கேட்கவில்லை, அதையே வாங்கிக்கொண்டேன்.

கடை வாசலில் நின்று சாருக்குப் போன் செய்தேன். பதினொன்றே முக்கால்.

"சார், புனேக்கு வேற ஆளப் பாருங்க. இங்கயே மாதவரம் பக்கம் ஏதாவது இருந்தா குடுங்க. பதவி உயர்வு பின்னாடி வரட்டும்."

"என்னம்மா, ரெண்டு வருசமா கேட்டத வேண்டாங்குத? என்ன காரணம்?"

"சொந்தக் காரணம் சார்."

"பதினேழா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, ரெண்டு மாச ரிப்போர்ட்ட நான் படிக்கலன்னு நெனச்சியா? ஊருக்கெல்லாம் ஒரு அளவு, பதினேழுக்கு மட்டும் மூணு அளவு. மொதல்ல அந்த வீடு விழப்போவுதுன்னு பயந்தேன். அப்புறம்தான் ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

மதியம் படிவங்களை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். நாற்பத்தொன்று. வேதாசலம் தெரு கோப்பை மூடிவிட்டார்கள். நான் தங்கியிருக்கிற ஹாஸ்டலுக்கு வந்து குளித்தேன். பையை எடுக்கவில்லை. டார்ச், நோட்டு, பென்சில் எதுவும் எடுக்கவில்லை. கை வெறுமனே இருந்தது, பஸ்ஸில் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாலை ஆறரைக்குப் பதினேழாம் எண் வீட்டுக்குப் போனேன். அளக்க ஒன்றும் இல்லை. ஒன்பது மணி வரை இருந்தேன்.